பதினேழாவது உச்சி

இதைக் கதை என்று நினைத்து யாராவது படிக்க ஆரம்பித்திருந்தால், அவர்களுக்கு ஒரு திருத்தம். எனக்குக் கதை விடத் தெரியாது. நான் ஒரு சர்வேயர். ரோடு போடும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக மட்டம் பார்க்கிறேன். ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் போதும், மழைத்தண்ணீர் நடு ரோட்டில் குளமாக நிற்கும். மறுநாள் என் தலை உருளும். அப்படிப்பட்டவன் கையால் குறித்து வைத்த நேரங்களும் எண்களும்தான் இதில் வருகின்றன. குறித்த புத்தகம் என் மேசை டிராயரில் இருக்கிறது. அதைத் திறந்து எட்டு மாதம் ஆகிறது.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கள் நாட்டில் பதினேழு மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் எது மிக உயரமான இடமோ, அங்கே போய் நின்றுவிட்டு வருவேன். கேட்பவர்கள் உடனே பனிமலை, கயிறு, ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று கற்பனை செய்துகொள்வார்கள். அதெல்லாம் நாலைந்து மாநிலங்களில்தான். மற்றவற்றில் உச்சி என்பது பெரும்பாலும் ஒரு சாதாரண மேடு. ஒரு மாநிலத்தின் உச்சி பல் டாக்டர் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் இருந்தது. துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே இரண்டு நிமிடம் நின்றேன். டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒருவருக்குப் பல் பிடுங்கினார்.

இந்தக் கிறுக்குக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, இரண்டு காலும் அந்த இடத்தில் பட வேண்டும். இரண்டு, அந்த இடம் இயற்கையாகவே உயர்ந்ததாக இருக்க வேண்டும். கட்டடம், அணை, மனிதன் வெட்டிக் குவித்த மண், எதுவும் கணக்கில் சேராது.

ஹாலில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறேன். பதினாறு குண்டூசிகள் குத்தியாகிவிட்டது. பாக்கி ஒன்று. அந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. சாப்பிடும்போது கண் அங்கே போகும். டிவி பார்க்கும்போது போகும். "சும்மா உக்காரத் தெரியாதா உங்களுக்கு?" என்று என் மனைவி கேட்பாள். தெரியாது. அதுதான் என் சுபாவம்.

பதினேழாவது மாநிலம் தட்டையானது. இட்ட பந்து உருளாது. அதன் உச்சி ஒரு பால்பண்ணையின் மேய்ச்சல் மேட்டில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அங்கே இரண்டு திட்டுகள். ஒன்றில் பழைய எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். இன்னொன்று அங்கிருந்து தொண்ணூறு மீட்டர் தள்ளி. கண்ணுக்கு இரண்டும் ஒரே உயரம். என்னைப் போன்ற கிறுக்கர்கள் இன்னும் நூறு பேர் இருக்கிறோம். அவர்களெல்லாம் எதற்கு வம்பு என்று இரண்டிலும் நின்றுவிட்டு வந்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சர்வேயராகப் பிறந்துவிட்டு, எது உயரம் என்று தெரியாமல் திரும்பி வருவதா?

மிஷின் கொண்டுபோய் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை கம்பெனி ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் கையை விரித்தார்.

"புது மிஷின் எல்லாம் சைட்டுல இருக்கு சார். பழசு ஒண்ணுதான் கெடக்கு. தலைகீழா காட்டும். பரவாயில்லையா?"

"நான் படிச்சதே அதுலதான். குடுங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மட்டம் பார்க்கும் மிஷின் என்பது முக்காலி மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன டெலஸ்கோப். ஒருவன் அதில் கண்ணை வைப்பான். இன்னொருவன் தூரத்தில் அளவுக் கட்டையைப் பிடித்து நிற்பான். கட்டையில் அடியிலிருந்து நுனிவரை எண்கள். டெலஸ்கோப்பின் குறுக்குக் கோடு எந்த எண்ணில் விழுகிறதோ அதை எழுதிக்கொள்வோம். எண் குறைந்தால் கட்டை நிற்கும் தரை உயரம் என்று அர்த்தம். அவ்வளவுதான் வித்தை.

பழைய மிஷின்களில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். தரை மேலே, வானம் கீழே, கட்டை பிடிப்பவன் வௌவால் மாதிரி தொங்குவான். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். பழகிவிட்டால் மூளை தானாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். தலைகீழாகப் பார்க்கிறோம் என்பதே மறந்துவிடும்.

அந்த மறதியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

கட்டை பிடிக்க என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக். நூற்றுநாலு கிலோ. வீட்டில் எல்லோரும் அவனைக் குண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்ததற்கு அரை மணி நேரம் புலம்பிவிட்டு வண்டியில் ஏறினான். அவன் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான குழந்தை.

என் மனைவி வாசல்வரை வந்தாள். கார் கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.

"உங்க கிறுக்குக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா எனக்கு இருக்கறது ஒரே தம்பி. மிஷின்ல கண்ண வச்சீங்கன்னா உங்களுக்கு ஒலகம் மறந்துடும். அவனப் பத்திரமாக் கொண்டாந்து விடுங்க."

"நாங்க என்ன மலையா ஏறப் போறோம்? மாடு மேயற மேடு."

"கொண்டாந்து விடுங்கன்னு சொன்னேன்."

சரி என்றேன்.

மாலை 3.20-க்குப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். பண்ணைக்கார அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

"வேலிக் கதவச் சாத்திட்டுப் போங்க. அது போதும்" என்றார்.

மேடு என்று சொன்னாலும் மூச்சுகூட வாங்கவில்லை. மேலே போனதும் சுற்றிலும் வெறும் புல்வெளி, தூரத்தில் ஒரு மின்கம்ப வரிசை. காற்று நன்றாக அடித்தது. எல்லைக்கல் இருந்த திட்டில் புல் மொட்டையாக இருந்தது. மாடுகள் வழித்து மேய்ந்திருந்தன.

இரண்டாவது திட்டில் புல் முழங்கால் உயரம்.

அதே மாடுகள், அதே வேலி. ஆனால் அந்தத் திட்டைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி புல்லில் வாய் படவில்லை. மண்ணில் உப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு திட்டுக்கும் நடுவில் மிஷினை நிறுத்தினேன். இந்தப் பக்கம் நாற்பத்தைந்து மீட்டர், அந்தப் பக்கம் நாற்பத்தைந்து. மிஷின் சாயாமல் இருக்கிறதா என்று காட்டும் நீர்க்குமிழ் நடுவில் அசையாமல் நின்றது. நேரம் 4.05.

முதலில் எல்லைக்கல் திட்டு. குண்டு கட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, நாட்டையே பிடித்தவன் மாதிரி நின்றான்.

"ஃபோட்டோ எடுங்க மாமா. என் புள்ள பொறந்தா காட்டணும்."

"ஆடாம நில்லு மாப்ள."

4.18. எண் 1.425. எழுதிக்கொண்டேன்.

அடுத்து இரண்டாவது திட்டு. குண்டு புல்லை மிதித்துக்கொண்டு ஏறினான். கட்டையை ஊன்றினான். மிஷினைத் திருப்பிப் பார்த்தேன்.

4.31. எண் 1.180.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது திட்டு இருபத்திநாலரை சென்டிமீட்டர் உயரம். கல்லை நட்ட மகானுபாவர்கள் தப்பான திட்டில் நட்டுவிட்டார்கள். இத்தனை வருடமாக அத்தனை கிறுக்கர்களும் அந்தக் கல்லில் ஏறி நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டேன்.

ஆனால் ஒரு தடவை பார்த்து எழுதுவது என் பழக்கம் இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன்.

4.36. எண் 1.150.

மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. குமிழைப் பார்த்தேன். நடுவில்தான் இருந்தது.

"மாப்ள, எடம் மாத்தினியா?"

"இல்லையே."

"கட்டையத் தூக்கிப் பிடிக்காத. தரையில ஊனு."

"ஊனித்தான் இருக்கேன்."

நூற்றுநாலு கிலோ ஆள் பொதபொத மண்ணில் நின்றால் கட்டை இறங்கும். எண் கூடும். இது எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். குறைந்து நான் பார்த்ததே இல்லை. கட்டை மேலே ஏறினால்தான் எண் குறையும்.

4.44. எண் 1.095.

"தூக்காதன்னு சொன்னேன்ல."

"நான் தூக்கல மாமா. அதுவா ஏறுது." கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னான். "அடியில யாரோ புடிச்சிருக்கற மாதிரி இருக்கு."

சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் அவன் காலுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

மிஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். பழைய சாமான், திருகு ஏதாவது தளர்ந்திருக்கும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முதலில் பார்த்த இடத்தையே மறுபடி பார்ப்பது. குண்டுவைத் திரும்ப எல்லைக்கல்லுக்கு அனுப்பினேன். முனகிக்கொண்டே போனான்.

5.10. எல்லைக்கல். எண் 1.425. ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை.

மிஷின் சரியாக இருக்கிறது. அப்படியென்றால்...

நான் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கே இல்லை. வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. குண்டு கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னிடம் வந்தான். வேர்த்திருந்தான். அந்தக் குளிரில்.

"போலாம் மாமா."

"ஒண்ணே ஒண்ணு. கடைசியா ஒண்ணு எழுதிட்டுப் போயிடலாம்."

"அங்க நிக்கப் புடிக்கல எனக்கு. காத்தே இல்ல அந்தத் திட்டுல."

"இங்க இவ்வளவு அடிக்குது, அங்க எப்படி இல்லாமப் போகும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அக்கா புருஷன் என்ற மரியாதை. அந்த மரியாதையை நான் பயன்படுத்திக்கொண்டேன். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எனக்குத் தேவை அந்தக் குண்டூசி. அவ்வளவுதான்.

மறுபடி ஏறினான்.

5.34. கண்ணை வைத்தேன். வெளிச்சம் போதவில்லை. கட்டையின் எண்கள் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. திருகைத் திருப்பித் தெளிவாக்கினேன். கட்டை தெரிந்தது. குண்டு தெரிந்தான். அவன் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

பண்ணையாள் யாரோ வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். முழுக்கைச் சட்டை. ஒல்லியான உடம்பு. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கட்டையின் அடியைப் பிடித்திருந்தார்.

உதவி செய்கிறார் போல... என்று நினைத்தேன்.

"மாப்ள, பக்கத்துல யாரு?"

"எங்க?"

"ஒனக்குப் பக்கத்துல. கட்டையப் புடிச்சிட்டு."

குண்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். பிறகு, மெதுவாக:

"மாமா... இங்க யாரும் இல்ல."

கண்ணை எடுத்தேன். வெறும் கண்ணால் பார்த்தேன். திட்டில் குண்டு மட்டும். பக்கத்தில் புல். புல் அசையவில்லை.

மறுபடி கண்ணை வைத்தேன்.

அவர் இருந்தார்.

ஏதோ ஒன்று தப்பாக இருந்தது. என்னவென்று பிடிபட எனக்குச் சில நொடிகள் ஆயின. பழகிய கண் அல்லவா.

மிஷினில் தரை மேலே இருந்தது. வானம் கீழே இருந்தது. குண்டுவின் கால் மேலே, தலை கீழே. எல்லாம் எப்போதும் போலத் தலைகீழ்.

அந்த ஆளின் தலை மேலே இருந்தது.

கால் கீழே.

அவர் மட்டும் நேராகத் தெரிந்தார்.

நேராகத் தெரிகிறார் என்றால்... அங்கே, அந்தத் திட்டில், அவர் தலைகீழாக இருக்கிறார். தலை மண்ணில். கால் ஆகாயத்தில். கை இரண்டும் மண்ணோடு... கட்டையைப் பிடித்துக்கொண்டு.

குறுக்குக் கோடு விழுந்த எண்ணைக் கண் தானாகப் படித்தது. 0.870.

அதை எழுதியும் இருக்கிறேன். எப்படி எழுதினேன் என்று தெரியாது. எழுத்து என்னுடையதுதான்.

அவர் ஒரு கையைக் கட்டையிலிருந்து எடுத்தார். உள்ளங்கையை விரித்து என் பக்கம் காட்டினார்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நிறுத்து.

அதே நேரம் குண்டு ஒரு அடி பின்னால் வைத்தான்.

"மாப்ள, எங்க போற?"

இன்னொரு அடி.

"டேய். நில்லு."

"நீங்கதானே போகச் சொல்றீங்க" என்றான். அவன் குரலில் எரிச்சல்தான் இருந்தது. பயம் இல்லை. "பின்னாடி, பின்னாடின்னு. எவ்வளவு தூரம்தான் போறது?"

நான் சொல்லவில்லை.

சொல்லவே இல்லை...

அப்போது எனக்கும் கேட்டது.

"இன்னும் பின்னாடி."

என் குரல்.

அவனுக்குப் பின்னால், அந்த உயரப் புல்லுக்குள்ளிருந்து வந்தது. சைட்டில் நான் கத்துவது போலவே. கடைசி எழுத்தை இழுப்பேனே, அதே இழுப்பு.

இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி."

ஓடினேன்.

நாற்பத்தைந்து மீட்டர். முக்காலி காலில் தடுக்கியது. முட்டி கிழிந்தது. எழுந்து ஓடினேன். கத்தினேன். நான் கத்துவது எது, அது கத்துவது எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே குரல். ஒன்று வா என்றது. ஒன்று போ என்றது.

அவன் நடுவில் நின்று விழித்தான்.

ஒரு கால் பின்னால் போனது.

மண் பொத்தென்று உள்வாங்கியது. சத்தமே பெரிதாக இல்லை. அவன் தொடைவரை இறங்கினான். கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். பிறகு கையை. குதிகாலைப் புல்லில் ஊன்றி இழுத்தேன். நூற்றுநாலு கிலோ. என்னால் முடிகிற எடை இல்லை. முடிந்தது. என்னால் மட்டும்தான் முடிந்ததா என்று தெரியவில்லை... கீழிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி அவன் ஒரே எக்கில் என்மேல் வந்து விழுந்தான்.

ஒரு ஷூ உள்ளே போய்விட்டது.

விழுந்து கிடந்தபடியே அவன் தோளுக்கு மேலே பார்த்தேன். கட்டை அங்கேயே நின்றது. நேராக. நூல் பிடித்த மாதிரி. பிடிக்க ஆள் இல்லை.

மணி 5.41.

மிஷினை எடுக்கவில்லை. முக்காலியை எடுக்கவில்லை. வேலிக் கதவைச் சாத்தவில்லை. காரில் ஏறிக் கிளம்பினோம். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நிறுத்தினேன். குண்டு ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தான்.

"சத்தியமா நீங்க சொல்லல?"

"நான் சொல்லவே இல்லடா."

"உங்க கொரலு மாமா."

"தெரியும். நானும் கேட்டேன்."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

வீட்டில் என் மனைவி அவன் காலைப் பார்த்தாள். பிறகு என் முட்டியைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அவனப் பின்னாடி போகச் சொல்லவே இல்ல. ஆனா என் கொரல்லதான் கேட்டுது" என்றேன். அவள் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அன்றைக்கே வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

மறுநாள் பண்ணைக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். குரல் விஷயத்தைச் சொல்லவில்லை. திட்டுக்குப் பின்னால் மண் உள்வாங்குகிறது, மாடு விழுந்தால் கால் போய்விடும், நில அளவை ஆபீசில் சொல்லித் தோண்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கதவைச் சாத்தாமல் போனதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த ஊர் நில அளவை ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். வாக்குமூலமும் நான் எண்களைக் குறித்த புத்தகமும் வேண்டுமாம். போனேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, வயது என்னைவிடக் குறைவு, டீ வாங்கிக் கொடுத்தார்.

தோண்டியிருக்கிறார்கள். அது பழைய சோதனைக் குழி. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க எவரோ ஆழமாக, ஒரு ஆள் நுழையும் அகலத்துக்குத் தோண்டிவிட்டுப் பாதியில் விட்டது. தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்திருந்தார்கள். நாங்கள் திட்டு என்று நினைத்தது அந்த மண்தான். இயற்கையான மேடே இல்லை.

பதினோரு அடி ஆழத்தில் ஒரு மனிதனின் எலும்புகள் கிடைத்தன.

தலை கீழே. கால் மேலே.

அவருக்குச் சற்று மேலே ஒரு ஷூ இருந்தது. அது குண்டுவுடையது.

"முப்பத்தோரு வருஷம் முந்தி எங்க ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேரு அங்க போயிருக்காங்க" என்றார் அதிகாரி. "ரெண்டுல எது உசரம்னு பாக்கத்தான். ஒரு சர்வேயர், கட்டை புடிக்கற ஆள் ஒருத்தர். கட்டை புடிக்கறவர் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டார்னு ஃபைல்ல எழுதியிருக்கு. அவங்க வீட்டுலயும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க."

பழைய களப் புத்தகம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். அட்டை செல்லரித்திருந்தது. பென்சில் எழுத்து.

எல்லைக்கல்: 1.425.

இரண்டாவது திட்டு: 1.180. 1.150. 1.095. 0.870.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

இதன் அர்த்தம் ஒரு சர்வேயருக்குத்தான் முழுதாகப் புரியும். மிஷினை நிறுத்தும் உயரம் ஒவ்வொரு தடவையும் மாறும். அதே ஆள், அதே இடத்தில், மறுநாள் நிறுத்தினால்கூட ஒரு எண்ணும் ஒத்துவராது. இங்கே ஐந்து எண்களும் ஒத்துவந்தன. மில்லிமீட்டர் சுத்தமாக. எண் ஏன் குறைந்துகொண்டே போனது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டை பிடித்தவர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போயிருக்கிறார். குவித்த மண்மேல் ஏறிக்கொண்டே. குழியின் விளிம்புவரை.

"இன்னொண்ணு" என்றார் அதிகாரி. "தோண்டறதுக்கு முன்னாடி நாங்க அளந்தோம். அந்தத் திட்டு இப்ப எல்லைக்கல்ல விட ஒரு சாண் பள்ளம். உங்க புத்தகத்துல இருக்கற எண் எதுவும் வரவே வராது."

நான் டீயைக் குடிக்கவில்லை.

குண்டுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது. அவன் இப்போதெல்லாம் நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. முதலில் நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான். நான் கோபித்துக்கொள்வதில்லை.

அளந்து பார்த்தால் எல்லைக்கல்தான் நிஜமான உச்சி. அதில் குண்டு நின்றான். நான் நிற்கவில்லை. நான் மிஷினில்தான் இருந்தேன். பதினேழாவது குண்டூசி டப்பாவிலேயே கிடக்கிறது. அங்கே திரும்பப் போக என் கால் வராது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். செத்துப்போன ஒரு பாவப்பட்ட மனிதர், தனக்கு வந்தது இன்னொருவனுக்கு வரக்கூடாது என்று கையை விரித்துக் காட்டினார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அதுவரை எனக்கும் அவர்மேல் நன்றிதான்.

ஆனால் அந்தப் பழைய சர்வேயர் இன்னும் உயிரோடு இருக்கிறார். வயது எழுபத்தொன்பது. ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போலீசார் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாராம். ஆள் விழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாராம். உள்ளே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தனவாம். அசைவு இல்லையாம். பயத்தில் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஓடிவிட்டான் என்று எழுதிவிட்டாராம்.

அந்த வாக்குமூலத்தின் கடைசி வரியை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். முப்பத்தோரு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் அழுதுகொண்டே சொன்னாராம். முப்பத்தோரு வருடம் முன்பு அவர்கள் அளந்தபோது குழிக்குள் யாரும் செத்திருக்கவில்லை. அந்த மேட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"நான் அவனப் பின்னாடி போகச் சொல்லவே இல்ல. ஆனா என் கொரல்லதான் கேட்டுது."